அளவெடுத்த கை

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் தையல் கூலியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதிலின் நடுவே, ‘நாஜிகளை எதிர்த்துப் போராடி, பிறகு யுகோஸ்லாவியாவின் ரகசியப் போலீஸைக் கட்டி நடத்திய ரான்கோவிச்சும் தையல்காரர்தான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு சாண் உயரம் இருக்கின்றன. இந்த இதழ்ப் பக்கத்தை அவற்றுக்கே கொடுத்துவிடுகிறேன். பாபநாசம் அணைத் தண்ணீர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாஜிகளை எதிர்த்துப் போராடியவர் என்கிறீர்கள். ரகசியப் போலீஸ் தலைவர் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆளா? (ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: ஒரே ஆள்தான், அம்மா. அலெக்சாந்தர் ரான்கோவிச். 1909இல் செர்பியாவில் (பின்னாளில் யுகோஸ்லாவியாவின் ஒரு பகுதி), ஒப்ரெனோவாட்ஸ் ஊருக்குப் பக்கத்தில் டிராஷேவாட்ஸ் என்ற கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தையல் படித்தார். தொழிற்சங்கத்துக்குப் போனார். அங்கிருந்து கம்யூனிஸ்ட் கட்சி. யுகோஸ்லாவியாவில் 1921 முதலே கட்சிக்குத் தடை. 1929 ஜனவரியில் மன்னர் அலெக்சாந்தர் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுத் தானே ஆளத் தொடங்கினார். அந்த வருடமே ரான்கோவிச் பிடிபட்டார். ஆறு வருடத் தண்டனை. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சா என்ற சிறையில் இருந்தார். அங்கே கட்சிக்காரர்கள் சிறையைப் பள்ளிக்கூடமாக்கி வைத்திருந்தார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். மோஷா பியாதே என்ற ஓவியர் கைதியாக இருந்தபடியே மார்க்ஸை மொழிபெயர்த்தார். 1935இல் வெளியே வந்த ரான்கோவிச் மறுபடியும் தலைமறைவு வேலைக்கே போனார். ‘மார்க்கோ’ என்பது கட்சிக்குள் பெயர். பின்னாளில் நாட்டையே ஆண்ட டிட்டோ கட்சித் தலைமைக்கு வந்தபின் கட்சியின் ஆள் விவரம் பார்க்கும் பொறுப்பு படிப்படியாக இவர் கைக்கு வந்தது. யாரைச் சேர்க்கலாம், யாரை எங்கே அனுப்பலாம், யார் போலீஸில் என்ன வாக்குமூலம் கொடுத்தார் என்பதையெல்லாம் பார்க்கிற வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதற்குத் திரும்பி வருவேன்.

1941 ஏப்ரலில் ஜெர்மன் படை பெல்கிரேடைக் குண்டு போட்டுப் பிடித்தது. ஜூலையில் ரான்கோவிச் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் மாட்டினார். அடித்து நொறுக்கி, சாகக் கிடந்த நிலையில் காவலோடு மருத்துவமனையில் போட்டிருந்தார்கள். ஜூலை 29ஆம் தேதி ஆயுதத்தோடு ஒரு சிறு கூட்டம் அந்த மருத்துவமனைக்குள் புகுந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஜெர்மன் படை நிறைந்து கிடந்த தலைநகரின் நடுவில் இது நடந்தது. போனவர்கள் ஒவ்வொருவரும் இளைஞர்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள். அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

பிறகு மலைகளில் நான்கு வருடப் போர். மனைவி ஆந்ஜாவை அந்தப் போரில்தான் பறிகொடுத்தார். அவரும் கட்சிக்காரர், கையில் துப்பாக்கி பிடித்தவர்.

1944 மே 13ஆம் தேதி டிட்டோ ஒரு புதிய துறையை உண்டாக்கினார். மக்கள் பாதுகாப்புத் துறை என்று பொருள். சுருக்கமாக ‘ஓஸ்னா’. தலைவர் ரான்கோவிச். ‘ஓஸ்னாவுக்கு எல்லாம் தெரியும்’ என்று அவர்கள் மொழியில் எதுகையோடு ஒரு சொல்லே புழங்கியது. போர் முடிந்த 1945இல் சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களும் ஆயிரக்கணக்கில் விசாரணையில்லாமல் கொல்லப்பட்டார்கள். அதில் இந்தத் துறைக்கும் பங்கு உண்டு. மலைகளில் ஒளிந்திருந்த அரச ஆதரவுத் தளபதி மிஹைலோவிச்சை 1946 மார்ச்சில் பிடித்தார்கள், ஜூலையில் சுட்டார்கள். அதே 1946இல் துறையின் பெயர் ‘ஊட்பா’ என்று மாறியது. ரான்கோவிச் உள்துறை அமைச்சரானார். 1963இல் துணை ஜனாதிபதி. டிட்டோவுக்குப் பிறகு இவர்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

கேள்வி: ‘மொட்டைத் தீவு’ என்று ஒரு சிறை இருந்ததாமே? (கல்லூரி மாணவர், புளியங்குடி)

பதில்: கோலி ஓதொக். ‘கோலி’ என்றால் அம்மணமான, மொட்டையான என்று பொருள். அட்ரியாடிக் கடலின் வடபகுதியில், நிழலுக்கு மரமில்லாத வெள்ளைப் பாறைத் தீவு.

1948 ஜூன் 28ஆம் தேதி ஸ்டாலின் தரப்பு யுகோஸ்லாவியக் கட்சியைத் தள்ளிவைத்தது. நேற்றுவரை ‘ஸ்டாலின்’ என்று முழங்கச் சொன்ன கட்சி, மறுநாள் முதல் அந்தப் பெயரை உச்சரிப்பவனைச் சந்தேகப்பட்டது. 1949 ஜூலையிலிருந்து அந்தத் தீவுக்குக் கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர்கள், மலைகளில் ரான்கோவிச்சோடு தூங்கி எழுந்தவர்கள், கட்சிக் கூட்டத்தில் ‘இது சரிதானா?’ என்று ஒரு கேள்வி கேட்டவர்கள். பெண்களும் உண்டு. மொத்தம் சுமார் 13,000 பேர். நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை.

அங்கே காவலர்கள் அதிகம் கைநீட்டவில்லை. கைதிகளை வைத்தே கைதிகளை அடிக்கவைத்தார்கள். கப்பலை விட்டு இறங்குகிறவன் இரண்டு வரிசைக்கு நடுவே ஓடவேண்டும். இரண்டு பக்கமும் நிற்பவர்கள் பழைய கைதிகள். ஓங்கி அடிக்காதவனுக்கு அடுத்த முறை அடி விழும். யார் யார் வீட்டுக்கு வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அவனோடு யாரும் பேசக்கூடாது, அவன் தனியாகக் கல் சுமக்கவேண்டும். சுமந்த கல்லைத் திரும்பவும் பழைய இடத்திலேயே கொண்டுபோய்ப் போடச் சொல்வார்கள். அரசியல் கைதிகள் 1956 வரை இருந்தார்கள்.

தம்பி, இதில் என்னைத் தூங்கவிடாத செய்தி வேறு ஒன்று. 1951 ஜூனில் கட்சியின் மத்தியக் குழுவில் ரான்கோவிச்சே எழுந்து அறிக்கை படித்தார். 1949இல் தன் துறை செய்த கைதுகளில் 47 சதவீதம் நியாயமில்லாதவை என்று அவரே சொன்னார். பாதிக்குப் பாதி. எந்த நாட்டு ரகசியப் போலீஸ் தலைவர் இப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். சொன்னதற்கு அவரை மதிக்கிறேன். சொன்ன பிறகும் ஐந்து வருடம் அந்தத் தீவு நடந்ததே, அதை எப்படி விழுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கெஸ்டபோவிடம் அடி வாங்கியவர், பிறரை அடிக்கச் சொல்வாரா? அந்த மனிதர் ஆரம்பத்திலிருந்தே கொடியவராகத்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். (ஆசிரியை, அம்பாசமுத்திரம்)

பதில்: அப்படி நினைத்தால் நமக்கு மனம் லேசாகிவிடும். நான் அப்படி நினைக்கவில்லை. மேலே ‘ஆள் விவரம் பார்க்கும் பொறுப்பு’ என்று சொன்னேன் அல்லவா, அங்கே வருகிறேன். அதற்கு முன் என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பாவுக்கு வீரவநல்லூரில் தையல் கடை. ஒரு சிங்கர் மெஷின், காஜா எடுக்க ஒரு பையன். 1940களின் கடைசியில் இங்கே கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தபோது, தலைமறைவாக இருந்தவர்களுக்குக் கடுதாசி கொண்டுபோகும் வேலை அப்பாவுக்கு. சட்டைக் காலருக்குள் கான்வாஸ் துணி வைத்துத் தைப்பார்கள். அந்தக் கான்வாஸுக்கும் துணிக்கும் நடுவே சுருட்டிய சிகரெட் தாள். சட்டை போட்டிருப்பவனுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. வாங்கிக்கொள்கிறவர் பெயரும் அப்பாவுக்குத் தெரியாது. ‘மூன்றாவது பட்டன் கறுப்பு நூலில் தைத்திருக்கும்’ என்பதுதான் அடையாளம். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததால்தான் அம்மா தப்பித்தாள்.

யாரையும் நம்பாதே, பெயர் எழுதாதே, பேசுகிறவனைக் கவனி, புதிதாக வருகிறவன் எங்கிருந்து வருகிறான் என்று நாலு இடத்தில் விசாரி. தலைமறைவு வாழ்க்கையின் பாடம் இவ்வளவுதான். பிடிக்க வருகிறவன் கெஸ்டபோவாக இருந்தால் இந்தப் பாடம் பத்துப் பேரை உயிரோடு வைக்கும். ரான்கோவிச் பதினைந்து வருடம் இதையே படித்தார், இதிலேயே தேறினார். தோழர்கள் ஒவ்வொருவருடைய கதையும் அவருக்கு மனப்பாடம். 1944இல் அந்த மனிதரிடமே ஒரு துறையைக் கொடுத்தார்கள். முன்பு தலைக்குள் இருந்த குறிப்பு இப்போது கோப்பானது. முன்பு சந்தேகப்பட்டவனிடமிருந்து விலகி ஓடினார்கள், இப்போது அவனைக் கைது செய்ய முடிந்தது. அவர் மனம் மாறவேண்டிய தேவையே இல்லை. அதே எச்சரிக்கை, அதே விசாரிப்பு. கையில் சாவிக்கொத்து மட்டும் புதிது.

இன்னொன்றும் உண்டு. அடி வாங்கியவனுக்கு, தான் நியாயத்தின் பக்கம் இருந்தோம் என்பதில் சந்தேகமே வராது. தழும்பே சாட்சியாகிவிடுகிறது. ‘நான் படாததையா நீ படுகிறாய்?’ என்று அவனால் கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு எதிரே நிற்பவனால் பதில் சொல்ல முடியாது.

1966 ஜூலையில் ரான்கோவிச் விழுந்த செய்தி பேப்பரில் வந்தது. நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். ‘நம்ம தொழில்காரனா?’ என்று கேட்டார். வெகுநேரம் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏல, என்னைய அடிச்ச அந்த வருஷம் எங் கையில யாராவது சாவியக் குடுத்திருந்தா, அவன உள்ள வச்சிப் பூட்டிருப்பேன். தொறக்கணும்னு எனக்குத் தோணிருக்காது.”

ரான்கோவிச்சைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இந்த அளவுக்கு எனக்கு விளக்கிச் சொன்னதில்லை.

கேள்வி: டிட்டோவின் படுக்கையறையில் ஒலிவாங்கி வைத்தாராமே, உண்மையா? (தென்காசி வாசகர்)

பதில்: குற்றச்சாட்டு அதுதான். 1966 ஜூலை 1ஆம் தேதி பிரியூனி தீவில் மத்தியக் குழு கூடியது. டிட்டோ வீட்டிலேயே ஒட்டுக்கேட்கும் கருவி என்று சொல்லி ரான்கோவிச்சின் பதவிகளைப் பறித்தார்கள், பிறகு கட்சியை விட்டும் நீக்கினார்கள். ஆனால் நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. அந்த டிசம்பரிலேயே வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள். நிறுத்தியிருந்தால் ஆதாரத்தைக் காட்டவேண்டியிருக்கும். அதிகாரப் போட்டியும் பொருளாதாரச் சீர்திருத்தச் சண்டையும் அதற்குப் பின்னால் இருந்தன. மையத்தின் பிடி தளரக்கூடாது என்று நின்றவர் அவர். கொசோவோவில் 1955–56 குளிர்காலத்தில் ஆயுதம் தேடுகிறோம் என்று அல்பேனியர்களை அவர் துறை படுத்திய பாடும் அப்போதுதான் வெளியே பேசப்பட்டது. அதன்பின் பதினேழு வருடம் ஒதுங்கி வாழ்ந்து, 1983 ஆகஸ்டில் டுப்ரோவ்னிக்கில் இறந்தார். பெல்கிரேடில் சவ ஊர்வலத்துக்கு யாரும் கூப்பிடாமலே ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது. செர்பியர்களில் பலர் அவரைத் தங்கள் காவலராக நினைத்தார்கள்.

கேள்வி: எங்கோ ஒரு நாட்டுக் கதையைச் சொல்லி நம்மூர்த் தோழர்களின் தியாகத்தைச் சிறுமைப்படுத்துகிறீர்கள். நெல்லை சதி வழக்கு உங்களுக்குத் தெரியாதா? (கோபத்தோடு ஒரு முதியவர், சங்கரன்கோவில்)

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கம்யூனிஸ்டுகள் மீது போட்ட அந்த வழக்கின் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஸ்ரீவைகுண்டத்து நல்லகண்ணு அவர்களை 1949 டிசம்பரில் பிடித்தபோது அவருக்கு இருபத்து நாலு வயது. மீசையைப் பொசுக்கினார்கள். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஏழு வருடம் உள்ளே. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது சுட்டதில் 22 பேர் செத்தார்கள். சுட்டது வெள்ளைக்காரன் இல்லை. சுதந்திரம் வந்து குடியரசாகிப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. இதையெல்லாம் மறந்துவிட்டு ரான்கோவிச்சைப் பற்றி மட்டும் பேசுகிறவனோடு நானும் சேரமாட்டேன்.

நல்லகண்ணு போன்றவர்கள் வெளியே வந்து விவசாயிகள் சங்கத்துக்கும் தாமிரபரணி மணலுக்கும் போராடினார்கள். அவர்கள் கையில் ஒருநாளும் சாவிக்கொத்து வரவில்லை. அதனால் அவர்களுடைய நேர்மையை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் சாவி வந்தது. 1957இல் கேரளத்தில் நம்பூதிரிபாடு முதலமைச்சரானபோது, தொழிலாளர் போராட்டத்தில் முதலாளிக்காகப் போலீஸ் தலையிடாது என்று அறிவித்தார்கள். அப்பா அன்று கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். 1958 ஜூலையில் கொல்லத்துக்குப் பக்கத்தில் சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளிகள் மீது அதே அரசின் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி செங்கோட்டை ரயிலில் வந்த ஆட்கள் மூலம் எங்கள் ஊருக்கு வந்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. எனக்குப் பதினோரு வயது. அம்மா ‘இன்னொரு வாய்’ என்று கெஞ்சியது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகும் அப்பா கட்சியை விட்டுப் போகவில்லை, சந்தாவையும் நிறுத்தவில்லை. ஆனால் கூட்டத்தில் கை தூக்குவதற்கு முன் கேள்வி கேட்கத் தொடங்கினார். உங்களைப் போன்ற தோழர்கள் சிலர் அப்போது அவர்மேல் கோபப்பட்டார்கள்.

கேள்வி: வேறு நாடுகளிலும் இப்படி நடந்ததா? (சேரன்மகாதேவி வாசகர்)

பதில்: நிறைய. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் அமைச்சகத்துக்கு 1950இல் முதல் அமைச்சரான சைசர், ஸ்பெயினில் ‘ஜெனரல் கோமஸ்’ என்ற பெயரில் சர்வதேசப் படையை நடத்திய பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு அடுத்து வந்த வோல்வேபர் 1918இல் கீல் கடற்படைக் கலகத்தில் இருந்த மாலுமி. ஹங்கேரியில் ரகசியப் போலீஸை நடத்திய பேட்டர் காபோர் இன்னொரு தையல்காரர். அங்கே உள்துறை அமைச்சராக இருந்த ராய்க்கும் ஸ்பெயின் போனவர்தான். அவர் வளர்த்த போலீஸே அவரைப் பிடித்துப் பொய் வாக்குமூலம் வாங்கி 1949 அக்டோபரில் தூக்கிலிட்டது. காபோரையும் 1953இல் உள்ளே போட்டார்கள்.

கேள்வி: ‘என்னைய அடிச்ச’ என்று உங்கள் அப்பா சொன்னதைச் சில வருடங்களுக்கு முன்பும் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அடித்தவரை அப்பா பிறகு பார்த்தாரா? (ஒரு வாசகி, முக்கூடல்)

பதில்: பார்த்தார், நானும் கூட இருந்தேன்.

அப்பாவை 1950இல் ஒரு ஸ்டேஷனில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். வலது கைச் சுண்டுவிரலை அங்கேதான் ஒடித்தார்கள். அது வளைந்தபடியே ஒட்டிக்கொண்டது. கத்தரி பிடிக்க முடிந்தது. இஞ்சு டேப்பின் நுனியை அழுத்திப் பிடிக்கத்தான் வராது. நெஞ்சளவு எடுக்கும்போது நான்தான் ஒரு முனையைப் பிடிப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அந்த வேலை.

1963ஆக இருக்கும். ஐப்பசி மழை. நரைத்த கிராப்புத் தலையோடு ஒருவர் குடையை மடக்கிவிட்டுத் திண்ணையில் ஏறினார். மகளுக்குக் கல்யாணம், தனக்கு ஒரு சட்டை வேண்டும் என்று வெள்ளைப் பாப்ளின் துணியை நீட்டினார். அப்பா துணியை வாங்கி விரித்து, நீளம் பார்த்து, ஓரத்தை முகர்ந்து பார்த்தார். எந்தத் துணியையும் அப்படித்தான் பார்ப்பார். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். நான் முனையைப் பிடிக்கப் போனேன்.

வந்தவர் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “என்னையத் தெரியுதா அண்ணாச்சி?” என்று மெல்லக் கேட்டார்.

“தெரியும். கையத் தூக்குங்க” என்றார் அப்பா.

நெஞ்சு, தோள், கை நீளம், கழுத்து. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். அன்று என் எழுத்து கோணலாக இருந்தது என்று பிறகு அப்பா திட்டினார். சட்டையை வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். எல்லாருக்கும் வாங்குகிற கூலியையே வாங்கினார், குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. அவர் வந்து போனதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை.

காஜா பையன் ஊருக்குப் போயிருந்ததால் அந்தச் சட்டைக்குப் பட்டன் தைத்தது நான். அதனால் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கத் தையலிலும் ஒரு இஞ்சு துணி மிச்சம் விட்டிருந்தார். உடம்பு பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.